தோற்றவனுக்கும் இடமுண்டு: ஸ்பெயின் நாட்டில் சனநாயகம் வீழ்ந்ததும் வேரூன்றியதும்



சனநாயக ஆட்சி ஒரு நாட்டிற்கு எவ்வாறு வந்து சேருகின்றது, வந்த பின்னர் எவ்வாறு நிலைபெறுகின்றது என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு இக்கூட்டத்தை ஒழுங்கு செய்த அன்பர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொருளோ மிகப் பெரிது. ஏதென்ஸ் நகரத்திலிருந்து தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். ஆகையால் உலகமெங்கும் சுற்றி வராமல் ஒரு நாட்டிற்கு மாத்திரம் உங்களை அழைத்துச் செல்ல எண்ணுகின்றேன். அந்த நாடு ஸ்பெயின்.

ஸ்பெயினைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஒரே நூற்றாண்டினுள் அந்த நாடு சனநாயகத்தை இரண்டு முறை பரீட்சித்துப் பார்த்தது. முதன்முறை 1931 இல். அது ஐந்தே ஆண்டுகளில் உள்நாட்டுப் போராக வெடித்து, அதன்பின் முப்பத்தாறு ஆண்டுச் சர்வாதிகாரத்தில் முடிந்தது. இரண்டாம் முறை 1977 இல். அது இன்றுவரை நிலைத்து நிற்கின்றது. நாடு அதே நாடு. மக்கள் அதே மக்களின் பிள்ளைகள். பேசப்படும் மொழிகளும் அவையே. அப்படியிருக்க முதற் பயிர் ஏன் கருகியது? இரண்டாம் பயிர் ஏன் பிழைத்தது? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

என்னுடைய விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். 1931 இல் தேர்தலில் வென்றவன் அரசு முழுவதும் தன்னுடையது என்று எண்ணினான். தோற்றவன் இனி இந்த நாட்டில் தனக்கு வாழ்வில்லை என்று எண்ணினான். 1977 இல் தோற்றவனுக்கு ஓர் உறுதி கிடைத்தது. தோற்றாலும் அவன் தன் வீட்டிற்குப் போகலாம். சிறைக்கோ கல்லறைக்கோ போகவேண்டியதில்லை. நாலாண்டு கழித்து மறுபடியும் மக்கள் முன் வந்து நிற்கலாம். இந்த உறுதி தானாக வந்ததன்று. அதனை ஒவ்வோர் அங்குலமாகப் பேரம் பேசிச் சம்பாதித்தார்கள். அந்தப் பேரத்தின் கதையைத்தான் சொல்லப்போகின்றேன்.

1931 ஏப்ரில் 12 ஆந் திகதி நகர சபைத் தேர்தல் நடந்தது. பெரிய நகரங்களிலெல்லாம் குடியரசுக் கட்சியினர் வெற்றி பெற்றனர். இரண்டு நாட்களில் மன்னர் பதின்மூன்றாம் அல்பொன்சோ நாட்டைவிட்டுப் புறப்பட்டார். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் குடியரசு பிறந்தது. மக்கள் வீதிகளிற் கூடி ஆடிப்பாடினார்கள். அந்த உற்சாகத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று கிளாரா கம்போமோர் என்னும் பெண் சட்டத்தரணி, தம்முடைய சொந்தக் கட்சியே எதிர்த்து நிற்கச் சபையில் வாதாடினார். சபையில் அன்றிருந்த பெண் பிரதிநிதிகள் இருவர். மற்றவரான விக்தோரியா கெந்த் என்பவர், பெண்கள் பாதிரிமாரின் சொற்கேட்டு வாக்களிப்பார்கள், இப்போது வேண்டாம் என்று வாதித்தார். ஒக்டோபர் முதலாந் திகதி 161 வாக்குகளுக்கு 121 என்ற கணக்கில் கம்போமோர் வென்றார். ஸ்பானியப் பெண்கள் பொதுத் தேர்தலில் முதன்முதல் வாக்களித்தது 1933 நவம்பரில். நமது தீவிலே ஆணும் பெண்ணும் சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமை 1931 யூனிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதை இங்கே சொல்லி வைக்கலாம். யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது வேறு கதை.

இக்கூட்டத்திலே கமக்காரர் பலர் அமர்ந்திருப்பதைக் காண்கின்றேன். ஆகவே காணிப் பிரச்சினையை முதலில் எடுத்துக்கொள்கின்றேன். ஸ்பெயினின் தென் மாகாணங்களாகிய அந்தலூசியாவிலும் எஸ்திரமதூராவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே சொந்தக்காரனின் நிலமாக இருக்கும். சொந்தக்காரன் மாட்ரிட் நகரில் இருப்பான். நிலத்தை உழுகின்றவனுக்கு ஒரு பரப்புக்கூடச் சொந்தமில்லை. விடியற்காலையில் ஊர்ச் சதுக்கத்தில் கூலியாட்கள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி வந்து விரலை நீட்டி, நீ வா, நீ வா என்று தெரிந்தெடுப்பான். மற்றவன் வெறுங்கையோடு திரும்பவேண்டும். தேர்தலில் யாருக்கு வாக்களித்தாய் என்று கங்காணிக்குத் தெரிந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை. ஒலிவ் அறுவடையும் கோதுமை அறுவடையும் முடிந்தால் வருடத்தில் பல மாதங்கள் பட்டினி.

இந்த மக்கள் குடியரசிடம் எதிர்பார்த்தது நிலத்தை. 1932 செப்டெம்பரில் காணிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் குடும்பங்களைக் குடியேற்றப் போவதாகச் சொன்னார்கள். 1934 முடிவில் குடியேறிய குடும்பங்கள் சுமார் 12,000 மாத்திரமே. சட்டத்தைக் கண்டு நிலச்சுவான்தார் நடுங்கினார்கள். சட்டத்தால் கூலியாளின் அடுப்பு எரியவில்லை. இதைவிட மோசமான ஒரு நிலையை அரசியலிலே கற்பனை செய்வது கடினம். எதிரியைச் சினமூட்டியாகிவிட்டது, நண்பனின் வயிறோ நிறையவில்லை. 1933 சனவரியில் காசஸ் வியேகாஸ் என்னும் சிறு கிராமத்தில் கலகம் செய்த ஏழைக் கமத்தொழிலாளரைக் குடியரசின் பொலிஸ் படையே சுட்டுக்கொன்றது. ஏழைகளின் அரசு என்ற பெயர் அன்றோடு போயிற்று.

சமயத்திலும் இதே கதை. 1931 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, துறவற சபைகள் பாடசாலை நடத்துவதைத் தடுத்தது; இயேசு சபையைக் கலைக்க வழி செய்தது. அரசும் சமயமும் பிரிந்திருத்தல் வேண்டும் என்பது நியாயமான கொள்கையே. ஆனால் கத்தோலிக்கன் ஒருவன் அந்த யாப்பை வாசித்தபோது, இது என்னையும் காக்கின்ற சட்டம் என்று உணரவில்லை; என்னை ஒடுக்க எழுதிய சட்டம் என்றே உணர்ந்தான். குடியரசின் முதற் பிரதம மந்திரியாகிய அல்கலா சமோராவே இந்த விதியை ஏற்க முடியாமல் பதவி துறந்தார். வென்ற கூட்டணி தனியே எழுதி முடித்த யாப்பு அது.

பின்னர் நடந்தவற்றை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1932 இல் வலதுசாரித் தளபதி ஒருவரின் சதி முயற்சி தோல்வியுற்றது. 1933 தேர்தலில் வலதுசாரிகள் வென்றனர். 1934 ஒக்டோபரில் கத்தோலிக்க வலதுசாரிக் கட்சி மந்திரி சபையில் இடம்பெற்றபோது, அதனை ஏற்க மறுத்த இடதுசாரிகள் கிளர்ந்தெழுந்தனர். அஸ்தூரியாவின் சுரங்கத் தொழிலாளர் ஆயுதம் ஏந்தினர். கத்தலோனியாவின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ் கத்தலான் அரசைப் பிரகடனம் செய்து சிறை புகுந்தார். 1936 பெப்ரவரியில் இடதுசாரிகள் வென்றனர்; யூலையில் இராணுவம் கிளர்ந்தது. தேர்தல் முடிவை ஏற்காத பழி ஒரு பக்கத்தாருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை இடதுசாரி அன்பர்கள் மன்னிக்கவேண்டும். ஆனாலும் நாட்டையே சுடுகாடாக்கிய பழி படைத்தளபதிகளையே சாரும். 1939 ஏப்ரில் முதலாந் திகதி போர் முடிந்தபோது மாண்டவர் தொகை சுமார் ஐந்து இலட்சம். வென்றவர் ஜெனரல் பிராங்கோ.

பிராங்கோவின் அரசு கத்தலோனியாவின் சுயாட்சியை ஒழித்தது. பாடசாலையிலும் கந்தோரிலும் கத்தலான் மொழிக்கும் பாஸ்க் மொழிக்கும் இடமில்லையென்றது. பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்த கொம்பானிஸ் என்பவரை ஜெர்மன் நாசிகள் பிடித்துக் கையளித்தனர். 1940 ஒக்டோபரில் பார்சலோனாவின் மலைக்கோட்டையில் அவரைச் சுட்டுக்கொன்றனர். மக்கள் தேர்தலால் தெரிந்த ஒரு தலைவரின் முடிவு அது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இனி இரண்டாவது கதை. பிராங்கோ 1975 நவம்பர் 20 ஆந் திகதி நோய்ப்படுக்கையில் மாண்டார். போர்த்துக்கலில் முந்திய ஆண்டு நடந்ததுபோல் ஸ்பெயினில் இராணுவம் புரட்சி செய்து சர்வாதிகாரத்தைக் கவிழ்க்கவில்லை. ஸ்பானிய இராணுவம் பிராங்கோவின் இராணுவமாகவே இருந்தது. பொலிசும் நீதிமன்றங்களும் அவருடையனவே. அவர் 1969 இல் தமக்குப்பின் அரசராக நியமித்து வைத்த ஹுவான் கார்லோஸ் முடி சூடினார். எல்லாவற்றையும் கட்டி நன்றாக முடிச்சுப் போட்டுவிட்டோம் என்று பழைய ஆட்சியினர் நம்பினார்கள்.

ஆனால் அவர்கள் காலின் கீழ் மண் மாறிவிட்டிருந்தது. நாற்பதுகளில் உழைப்போரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கமத்தை நம்பியிருந்தார்கள். 1975 அளவில் அது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிட்டது. ஊர்ச் சதுக்கத்தில் நின்ற கூலியாளின் மகன் ஜெர்மனியிலோ பார்சலோனாவின் தொழிற்சாலையிலோ வேலை செய்தான். தாயாருக்குப் பணம் அனுப்பினான். குடியரசை எரித்த காணிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது நீதியன்று, குடிபெயர்வு. இது பெருமைப்படத்தக்க தீர்வன்று. ஆயினும் நடந்தது இதுவே. தொழிலாளர் இரகசியமாகச் சங்கம் அமைத்தார்கள். வத்திக்கான் சங்கத்தின் பின்னர் பாதிரிமாரிலேயே பலர் ஆட்சியை எதிர்க்கத் தொடங்கினார்கள்.

பணம் வந்தால் சனநாயகம் பின்னாலே வரும் என்று சொல்லுகின்ற அறிஞர்கள் இந்த இடத்தில் தலையை ஆட்டுவார்கள். அவர்கள் சொல்வது அரைவாசி சரி. நடுத்தர வகுப்பு வளர்ந்தால் சனநாயகத்திற்கு நிலம் பண்படுகின்றது. ஆனால் நிலம் பண்பட்டதனால் மாத்திரம் நெல் முளைப்பதில்லை. யாராவது விதைக்கவேண்டும்.

விதைத்தவர் எதிர்பாராத ஒருவர். 1976 யூலையில் மன்னர் அடோல்போ சுவாரெஸ் என்பவரைப் பிரதம மந்திரியாக்கினார். அவர் பிராங்கோவின் ஒரே கட்சிக்குச் செயலாளராய் இருந்தவர். சீர்திருத்தம் கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு விடயம் தெரிந்திருந்தது. பழைய சட்டத்தை உடைத்தால் இராணுவம் எழும். பழைய சட்டத்தின்படியே பழைய சட்டத்தை மாற்றினால் இராணுவத்திற்கு எழுவதற்குச் சாட்டு இல்லை. ஆகவே மக்கள் வாக்களித்துப் பாராளுமன்றம் தெரியவேண்டும் என்ற சட்டத்தை, பிராங்கோ நியமித்து வைத்த சபையின் முன்னேயே கொண்டுவந்தார். தங்கள் சபையைத் தாங்களே கலைக்குமாறு அவர்களைக் கேட்டார்! 1976 நவம்பர் 18 ஆந் திகதி 425 பேர் ஆம் என்றார்கள், 59 பேர் இல்லை என்றார்கள். ஏன் ஆம் என்றார்கள்? தெருவில் வேலைநிறுத்தம் பெருகிக்கொண்டிருந்தது. அடுத்த தேர்தலில் தாங்களும் நின்று வெல்லலாம் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருந்தது. தோற்றாலும் தங்கள் வீடும் உத்தியோகமும் ஓய்வூதியமும் போகா என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 94 வீதமானோர் சம்மதித்தனர்.

இதனைச் சிலர் மேலிருந்து வந்த பிச்சை என்கின்றார்கள். எனக்கு அது உடன்பாடன்று. 1976 இல் தொழிலாளர் தெருவில் இறங்கியிராவிட்டால் அந்தச் சபை தன்னைத் தானே கலைத்திருக்காது. அவ்வாண்டு மார்ச்சில் விதோரியா நகரில் வேலைநிறுத்தம் செய்த ஐவரைப் பொலிசார் சுட்டுக் கொன்றார்கள். சபையின் ஆம் என்ற வாக்குகளுக்குப் பின்னால் அந்த ஐவரும் நிற்கின்றார்கள்.

அடுத்து வந்தது கடினமான சோதனை. கம்யூனிஸ்ட் கட்சி. தளபதிகளுக்கு அந்தப் பெயரே நஞ்சு. அதனை எதிர்த்துப் போர் செய்தே அவர்கள் பதக்கம் பெற்றவர்கள். கம்யூனிஸ்டுகளை விலக்கி வைத்துத் தேர்தல் நடத்தலாம், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் ஆலோசனை கூறினார்கள். 1977 சனவரி 24 ஆந் திகதி இரவு மாட்ரிட்டின் அதோச்சா வீதியில், தொழிலாளருக்காக வழக்காடும் கம்யூனிஸ்ட் சட்டத்தரணிகளின் கந்தோரில் வலதுசாரிக் கொலைஞர் புகுந்து ஐவரைச் சுட்டுக் கொன்றனர். நாடு மூச்சையடக்கிக் காத்திருந்தது. பழிக்குப் பழி என்று ஒரு கல் பறந்திருந்தாலும் இராணுவம் வெளியே வந்திருக்கும். அந்தக் கட்சியினர் செய்தது என்ன? பெருந்திரளாகக் கூடினார்கள், மௌனமாகப் பிரேதங்களின் பின்னே நடந்தார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த மௌனத்தைப் பார்த்த நடுத்தர வகுப்பு, இவர்களைப்பற்றி நமக்குச் சொல்லித்தந்தது சரிதானா என்று யோசிக்கத் தொடங்கிற்று. ஏப்ரில் 9 ஆந் திகதி, பெரிய சனிக்கிழமை, மாட்ரிட் நகரம் விடுமுறைக்குப் போயிருந்த நாளில், சுவாரெஸ் கட்சியைச் சட்டபூர்வமாக்கினார். கடற்படை மந்திரி கோபத்தோடு விலகினார். கட்சியின் தலைவர் சந்தியாகோ கரியோ தம் பங்கிற்கு முடியாட்சியையும் நாட்டின் கொடியையும் ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் குடியரசிற்காகப் போராடியவருக்கு அது எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

யூன் 15 ஆந் திகதி தேர்தல். 1936 இன் பின்னர் நடந்த முதற் சுதந்திரத் தேர்தல் அது. 350 ஆசனங்களில் சுவாரெஸின் கட்சி முதலிடம் பெற்றது. ஆயினும் தனிப் பெரும்பான்மை இல்லை. இது நல்லூழ் என்றே நான் கருதுகின்றேன். பெரும்பான்மை கிடைத்திருந்தால் அவர்களும் 1931 ஆம் ஆண்டுக்காரரைப்போலத் தனியே இருந்து யாப்பை எழுதியிருப்பார்கள்.

நாட்டின் பொருளாதாரமோ தள்ளாடியது. விலைவாசி ஆண்டிற்கு நூற்றுக்கு 25 வீதத்திற்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒக்டோபரில் எல்லாக் கட்சித் தலைவர்களும் மொன்குளோவா மாளிகையில் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து உடன்படிக்கை செய்தனர். கூலி உயர்வுக் கோரிக்கைக்கு இடதுசாரிகள் வரம்பு கட்டினர். வரிச் சீர்திருத்தத்திற்கும் சமூக சேவைகளுக்கும் வலதுசாரிகள் இணங்கினர். அதே மாதத்தில் பொதுமன்னிப்புச் சட்டமும் நிறைவேறியது. பிராங்கோவின் சிறையில் பல ஆண்டு கிடந்த தொழிற்சங்கத் தலைவர் மார்செலினோ கமாச்சோ அதனை ஆதரித்துச் சபையிற் பேசினார். அந்தச் சட்டத்தின் மறுபக்கத்திற்குப் பின்னர் வருகின்றேன்.

இப்பொழுது யாப்பு. அதன் முதல் வரைவை எழுதியவர்கள் எழுவர். ஆளுங்கட்சியினர் மூவர், சோசலிஸ்ட் ஒருவர், கம்யூனிஸ்ட் ஒருவர், பிராங்கோவிடம் மந்திரியாயிருந்த மனுவேல் பிராகா ஒருவர், கத்தலோனியாவின் பிரதிநிதி மிக்கேல் ரோக்கா ஒருவர். கம்யூனிஸ்டாக வந்த சொலே தூரா பிராங்கோ காலத்தில் நாடுகடந்து வாழ்ந்தவர். அவரை நாடுகடந்து வாழச் செய்த ஆட்சியின் மந்திரி அவருக்கு எதிரே அமர்ந்திருந்தார். சமயத்தைப்பற்றி 1931 இல் நாட்டைப் பிளந்த விதிக்குப் பதிலாக, அரசுக்குச் சமயம் இல்லை, ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையுடனும் ஏனைய சமயங்களுடனும் ஒத்துழைக்கும் என்று எழுதினார்கள். இருதரப்பாருக்கும் முழுத் திருப்தியில்லை. இருதரப்பாரும் கையொப்பமிட்டனர்.

மொழிப் பிரச்சினையையும் மாகாணப் பிரச்சினையையும் அவர்கள் கையாண்ட முறை நமது சபையோருக்கு மிகுந்த ஆவலைத் தரும் என்பது எனக்குத் தெரியும். யாப்பின் இரண்டாம் உறுப்பு, பிரிக்கமுடியாத ஸ்பானிய நாட்டின் ஒருமையைச் சொல்லுகின்றது. அதே மூச்சில் அந்நாட்டிலுள்ள தேசிய இனங்களினதும் பிரதேசங்களினதும் சுயாட்சி உரிமையையும் சொல்லுகின்றது. தேசிய இனங்கள் என்ற அந்த ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் சண்டை நடந்தது. மூன்றாம் உறுப்பின்படி காஸ்திலிய மொழி அரசு முழுவதற்கும் உத்தியோக மொழி. ஏனைய மொழிகள் அவ்வப் பிரதேசங்களில் அதனுடன்கூட உத்தியோக மொழிகள். ஒன்றை உயர்த்த மற்றதை வெட்டவில்லை.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. யாப்பு எழுதி முடியும்வரை கத்தலோனியாவைக் காத்திருக்கச் சொல்லவில்லை. கொம்பானிசின் வழியில் நாடுகடந்த கத்தலான் அரசின் தலைவராயிருந்த ஜோசப் தாரதேயாஸ் பிரான்சில் முதுமை எய்தியிருந்தார். அவரைச் சுவாரெஸ் மாட்ரிட்டுக்கு அழைத்துப் பேசினார். 1977 ஒக்டோபர் 23 ஆந் திகதி அவர் பார்சலோனா மாளிகையின் மேல்மாடத்தில் தோன்றி, கத்தலோனியாவின் பிரசைகளே, இதோ வந்துவிட்டேன் என்று கத்தலான் மொழியிற் கூறினார். முன்னவரை மலைக்கோட்டையிற் சுட்டார்கள். பின்னவரை மாளிகைக்கு அழைத்துவந்தார்கள். 1978 டிசம்பர் 6 ஆந் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில் கத்தலோனியா யாப்பைப் பெருவாரியாக ஆதரித்ததற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

பாஸ்க் நாட்டின் கதை இதற்கு மாறானது. எழுவர் குழுவிலே பாஸ்க் தேசியக் கட்சிக்கு இடம் கொடுக்கவில்லை. அந்தக் கட்சி வாக்கெடுப்பிற் கலந்துகொள்ளாதிருக்குமாறு தன் மக்களைக் கேட்டது. பாஸ்க் நாட்டில் வாக்காளரில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. மேசையில் ஒரு கதிரை குறைந்ததன் விலை அது. 1979 இல் இரு தேசங்களும் சுயாட்சிச் சட்டம் பெற்றன. பாஸ்க் நாடு தன் வரிகளைத் தானே அறவிட்டு, பொதுச் செலவுக்குரிய பங்கை மாட்ரிட்டுக்குச் செலுத்தும் உரிமையையும் பெற்றது. கத்தலோனியாவிற்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை. ஈ. ரி. ஏ. என்னும் பாஸ்க் ஆயுத இயக்கமோ சனநாயகம் வந்தபின்னரே மிகுதியாகக் கொன்றது. 1980 ஆம் ஆண்டே மிகவும் இரத்தம் தோய்ந்த ஆண்டு. அந்த இயக்கம் கொன்றவர் தொகை மொத்தம் 800 ஐத் தாண்டும்.

தளபதிகள் இதையே காத்திருந்தனர். 1981 பெப்ரவரி 23 ஆந் திகதி மாலை 6 மணி 23 நிமிடத்திற்கு, புதிய பிரதம மந்திரிக்காக வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கையில், லெப்டினன்ட் கேணல் தெஹேரோ ஏறக்குறைய இருநூறு துப்பாக்கிக்காரரோடு பாராளுமன்றத்தினுள் நுழைந்தார். கூரையை நோக்கிச் சுட்டார்கள். பிரதிநிதிகள் மேசைகளின் கீழ் ஒளிந்தார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மூவர் மாத்திரம் ஒளியவில்லை. ஒருவர் சுவாரெஸ். ஒருவர் கம்யூனிஸ்ட் தலைவர் கரியோ. மூன்றாமவர் 68 வயதான ஜெனரல் குதியெரெஸ் மெலியாதோ; உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் பக்கத்தில் நின்றவர். அந்த முதியவர் எழுந்துபோய்த் துப்பாக்கிக்காரரை நோக்கி வெளியேறுமாறு கட்டளையிட்டார். அவரைப் பிடித்துத் தள்ளினார்கள், விழவில்லை. பாசிசக் கட்சியின் பழைய செயலாளர், பிராங்கோவின் பழைய போர்வீரர், பிராங்கோவால் வேட்டையாடப்பட்ட கம்யூனிஸ்ட், இம்மூவரும் ஒரே சபைக்காகத் தம் ஆசனத்திலிருந்து அசையவில்லை.

வலென்சியா நகரில் தாங்கிகள் வீதிக்கு வந்தன. அன்றிரவு மன்னர் ஒவ்வொரு தளபதியாகத் தொலைபேசியில் அழைத்தார். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குமேல் தொலைக்காட்சியில் படையுடையோடு தோன்றி, யாப்பிற்கு மாறான எதனையும் முடி ஏற்காது என்றார். பொழுது விடிந்தபின் சதி குலைந்தது. நாலு நாட்கள் கழித்து மாட்ரிட்டில் எல்லாக் கட்சித் தலைவர்களும், பிராகாவும் கரியோவும் உட்பட, ஒரே வரிசையில் நடந்தார்கள். பின்னே பத்து இலட்சம் மக்கள். மன்னரின் புகழ் அன்று உச்சியில் நின்றது. பிற்காலத்தில் பண விவகாரங்களால் அந்தப் புகழ் தேய்ந்து, 2014 இல் முடி துறந்து, 2020 இல் அவர் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. ஒரு நாட்டின் சனநாயகத்தை ஒரு மனிதரின் நற்குணத்தின்மேல் கட்டக்கூடாது என்பதற்காக இதனையும் சொல்லுகின்றேன்.

1982 ஒக்டோபரில் சோசலிஸ்டுகள் 202 ஆசனங்களோடு வென்றனர். உள்நாட்டுப் போரில் தோற்றவர்களின் கட்சி ஆட்சிக்கு வந்தது. படைமுகாம்களிலிருந்து ஒரு துப்பாக்கியும் வெளியே வரவில்லை. 1996 இல் அவர்களே தோற்று, வலதுசாரிகளிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அறிஞர் பலர் 1982 ஐ மாற்றம் முற்றுப்பெற்ற ஆண்டு என்பர். நான் 1998 ஐயும் சேர்ப்பேன். எண்பதுகளில் ஈ. ரி. ஏ. இயக்கத்தை ஒடுக்குவதற்காக அரசின் உள்ளேயிருந்தே இரகசியக் கொலைப்படை ஒன்றை இயக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர். இது சனநாயக அரசு செய்த குற்றம். ஆனால் பத்திரிகைகள் அதனைத் தோண்டியெடுத்தன. ஒரு நீதிபதி விடாது துரத்தினார். 1998 இல் உயர் நீதிமன்றம் முன்னாள் உள்நாட்டு மந்திரியையே ஆட்கடத்தற் குற்றத்திற்காகச் சிறைக்கு அனுப்பியது. பயங்கரவாதத்தை ஒழிக்கின்றோம் என்ற பெயரால் எதையும் செய்யலாம் என்ற வாதம் அந்த நாட்டில் நீதிமன்றத்தின் வாசலில் நின்றுவிட்டது. ஈ. ரி. ஏ. 2011 இல் ஆயுதப் போரை நிறுத்தியது. 2018 இல் கலைந்தது.

இனி மறுபக்கம். 1977 ஆம் ஆண்டின் பொதுமன்னிப்பு, சிறையிலிருந்தவனை மாத்திரம் மன்னிக்கவில்லை; சிறையிலிட்டவனையும் மன்னித்தது. சித்திரவதை செய்த எவனும் நீதிமன்றம் ஏறவில்லை. வீதியோரங்களிலும் வயல்களிலும் புதையுண்டு கிடந்த பல்லாயிரவரைப் பேரப்பிள்ளைகள் தேடத் தொடங்கியபோது நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதற்கான முதற் சட்டம் வர 2007 ஆயிற்று. பிராங்கோவின் சடலத்தை அவர் கட்டிய பெருங்கோயிலிலிருந்து அகற்ற 2019 ஆயிற்று. அமைதியை வாங்குவதற்காக நீதியை அடகு வைத்தார்கள். அடகு வைத்தவர்கள் வேறு, வட்டி கட்டியவர்கள் வேறு. அந்த வட்டியைக் கட்டிய கைம்பெண்கள் பலர் மீட்பைக் காணாமலே மாண்டனர். அன்றைய நிலையில் வேறு வழியிருந்ததா என்று கேட்டால், 1977 இல் இல்லை என்பேன். 1982 இன் பின்னர் இருந்தது என்பேன்.

கத்தலோனியாவின் கணக்கும் தீரவில்லை. 2006 இல் கத்தலான் மக்கள் வாக்களித்து ஏற்ற புதிய சுயாட்சிச் சட்டத்தின் சில விதிகளை 2010 இல் அரசியல் யாப்பு நீதிமன்றம் வெட்டியது. அதன்பின் பிரிவினைக் குரல் பெருகியது. 2017 ஒக்டோபர் முதலாந் திகதி மாட்ரிட் தடைசெய்த வாக்கெடுப்பை நடத்தினார்கள். வாக்குச் சாவடிகளில் பொலிஸ் தடியடி நடந்ததை உலகம் பார்த்தது. அம்மாத இறுதியில் சுதந்திரப் பிரகடனம்; உடனே மாட்ரிட் சுயாட்சியை நிறுத்திவைத்தது. 2019 இல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டுவரை சிறை விதித்தனர். என் மனம் இத்தண்டனையை ஒப்பவில்லை. ஆனால் கொம்பானிசின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுத்திவைத்த சுயாட்சி இரண்டு மாதங்களிற் புதிய தேர்தலோடு மீள வழி திறந்தது. அதிலே பிரிவினைக் கட்சிகளே பெரும்பான்மை பெற்றன. அந்த முடிவை எவரும் கிழித்தெறியவில்லை. 2021 இல் சிறையிலிருந்த தலைவர்கள் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தனர். 2024 மே 30 ஆந் திகதி மாட்ரிட் பாராளுமன்றம் 177 வாக்குகளுக்கு 172 என்ற கணக்கில் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரதம மந்திரி பேத்ரோ சாஞ்செஸ் இதனைத் தாராள மனத்தால் மாத்திரம் செய்யவில்லை. ஆட்சியமைக்க அவருக்குக் கத்தலான் கட்சிகளின் வாக்குகள் தேவைப்பட்டன. எதிர்த்தவர்கள் இலட்சக்கணக்கில் வீதியில் இறங்கினார்கள். பின்னர் வழக்குத் தொடுத்தார்கள். 2025 யூனில் அரசியல் யாப்பு நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளிலும் ஆறு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறு பக்கம்.